கை படாத சங்கிலி

ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த மறு வருஷம்
பெங்களூர்ப் பேட்டைக்குக் கிழக்கே
பூமியை அளக்க ஆள் எடுத்தார்கள்.
மாதம் மூன்று ரூபாய், ஒரு கம்பளி.
பேர் கேட்டார்கள். கூளையன் என்றேன்.
ஊர் கேட்டார்கள். சொன்னேன்.
அதற்குமேல் கேட்காததே எனக்குப் புதுசு.

அதற்கு முன்பும் அளக்கப் போனவன்தான்.
சானுபோகர் திம்மரசையா கோலோடு நடக்க
நாலு கஜம் பின்னால்
முளைக்குச்சிக் கட்டோடு நான்.
அந்தக் கோலுக்கு உயிர் உண்டு.
கௌடர் வயலில் நீளும்,
எங்கள் கொல்லையில் குறுகும்.

இது வேறே.
நூறடி எஃகுச் சங்கிலி, நாற்பது கண்ணி.
படுத்துக்கொள்ள மரத்தொட்டி,
மேலே கூடாரத் துணி.
உற்சவ சாமிக்கே இத்தனை நிழல் பிடித்துப் பார்த்ததில்லை.
பக்கத்தில் பாதரசக் குழல்.
ரசம் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று
கத்திச் சொல்வது என் வேலை.

முதல் நாளே துபாஷ் வெங்கடாசாரி சொன்னார்:
"சங்கிலியைத் தொடக் கூடாது."
தெரிந்த சொல்.
பழகிய தூரத்துக்கு விலகினேன்.
"நீ மட்டும் இல்லையடா. நானும். துரையும்."
உடம்புச் சூடு பட்டால் இரும்பு நீளுமாம்,
மயிரிழையில் பாதி.
அந்தப் பாதி மலைக்கு மலை பெருகிக்
கடலைக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்துவிடுமாம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
தொடாதே என்பதற்குக் காரணம் ஒன்று
இருக்க முடியும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம், அகரத்து ஏரிக்கரை.
மழை மூட்டம், வேலை நின்றது, துரை தூக்கம்.
லஸ்கர் மீராசா பந்தயம் கட்டினான்:
யார் ரத்தம் அதிகச் சூடு?
வெங்கடாசாரி குழலை உள்ளங்கையில் பொத்தினார்.
தொண்ணூற்றைந்து.
தரையில் வைத்தார், நான் எடுத்துக்கொள்ள.
ரசம் இறங்கும்வரை காத்திருந்து பொத்தினேன்.
தொண்ணூற்றைந்து.
மீராசா. அதே கோடு.
துரையின் குதிரைக்குத் தாடையடியில் வைத்தோம்:
எங்கள் மூவரையும்விட நாலு கோடு உசத்தி.

வெங்கடாசாரி சிரிக்கவில்லை.
ஏரியில் இறங்கித் தலை முழுகினார்.
ஈரத்தோடு வந்து மறுபடி பிடித்தார்.
எண்பத்தெட்டு.
"பார்த்தாயா, வேறே" என்றார்.
"கொஞ்சம் பொறுங்க சாமி" என்றேன்.
பொறுத்தார்.
அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஏறியது.

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.
ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே வைப்பார்,
நான் எட்டிப் பார்க்கிற மாதிரி.
அதில் கடைசிப் பத்தி துரையின் தப்புக்கு.
இன்றைக்கு எவ்வளவு பிசகினேன் என்று
தினமும் தன் கையாலே எழுதுவார்.
எங்கள் ஊரில் தப்பு என்றால்
அதைச் செய்ய ஒரு தெரு இருந்தது.

அளந்து முடிந்தது.
பூமி எலுமிச்சை மாதிரியா ஆரஞ்சு மாதிரியா
என்று கண்டுபிடிக்கத்தானாம் இவ்வளவும்.
கொடிகள் கிழக்கே மலையேறிப் போயின.

பின்னாலேயே வந்தது இன்னொரு சங்கிலி,
மெலிசு, துருப்பிடித்தது, வரி போட.
தொட்டி இல்லை, துணி இல்லை, குழல் இல்லை.
யார் வேண்டுமானாலும் தொடலாம்.
அது யாருக்காகவும் நீளவில்லை:
கௌடருக்குப் பதினொரு குண்டே கூடிற்று,
மார்பில் அடித்துக்கொண்டு கச்சேரிக்கு ஓடினார்.
எங்களுக்குக் கால் குண்டே குறைந்தது.
வரி மட்டும் குறையவில்லை,
குண்டேக்கு இத்தனை என்று ஏற்றிவிட்டார்கள்.

கொல்லையை அளக்க அமீன் விடிகாலையில் வந்திருந்தார்.
இளநீர் வெட்டினேன்.
வெற்றிலை தேடப் போய் நேரமாக்கினேன்.
நாய் கட்டவில்லை என்றேன்.
உச்சி வெயில் வந்தது.
பாறைமேல் கிடந்த சங்கிலி
கால் வைக்க முடியாமல் கொதித்தது.
"இப்போ அளங்க எஜமான்."

நீண்ட இரும்பு நிலத்தைக் குறைத்துக் காட்டும்.
எவ்வளவு என்று கேட்டால்
மயிரிழையில் பாதி.
ஒரு கீரை விதைகூடப் பிடிக்காத இடம்.
அமீனுக்குத் தெரியாது.
நான் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு
வெயிலில் நின்றேன்,
உள்ளுக்குள் கோடுகளை எண்ணிக்கொண்டு.